பல் பதிந்த கட்டைகள்

ஒரு பருத்திப் பூவுக்கு நாற்பத்தொரு கட்டைகள் வேண்டும். இதழ் ஐந்து, இதழுக்கு ஐந்து கட்டை வீதம் இருபத்தைந்து. நடுவில் மூன்று. அடியில் பச்சைப் புல்லிக்கு நான்கு. காம்புக்கு ஒன்பது. குழந்தைகள் வீடு கட்டி விளையாடும் பிளாஸ்டிக் கட்டைகள்தான் அவை. மேலே குமிழ், கீழே குழி. ஒன்றின் மேல் ஒன்றை வைத்து அழுத்தினால் டக்கென்று பிடித்துக்கொள்ளும். அவற்றோடு வந்த படத்தில் ரோஜாவும் பெயர் தெரியாத வெளிநாட்டுப் பூக்களும் இருந்தன. என் தம்பி மாரிச்செல்வம் அந்தப் படத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்துவிட்டான்.

“பாக்காத பூவ எப்பிடிக்கா செய்ய? பருத்தின்னா கண்ண மூடிக்கிட்டுச் செய்வேன்” என்றான்.

எங்கள் ஊர் பரளச்சி போகிற ரோட்டில் ஊர்ப்பாதை பிரிகிற விலக்கிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே. அப்பா அடுத்தவர் காட்டில் கூலிக்குப் போனவர். மாரிச்செல்வத்துக்குப் பத்து வயதாகும்போது போய்விட்டார். அம்மா சோலையம்மாள் இன்றும் நூறு நாள் வேலைக்குப் போகிறாள். நான் எட்டாம் வகுப்போடு நின்று, அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு நூல் மில்லில் சேர்ந்தேன். இப்போது அங்கே கோன் பார்க்கிற வேலை. நூல் சுற்றி வருகிற கோன்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் திருப்பி, கறை, அறுந்த இழை, கோணல் எது இருந்தாலும் தனியே எடுத்து வைக்க வேண்டும். பத்தொன்பது வருடங்களில் நான் அனுப்பிய பெட்டி ஒன்றுகூடக் குறை என்று திரும்பி வந்ததில்லை.

எனக்கும் மாரிச்செல்வத்துக்கும் ஆறு வயது வித்தியாசம். எங்கள் தெருவில் முதலில் பன்னிரண்டாம் வகுப்புத் தேறியவன் அவன்தான். அவன் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். பொங்கல் விளையாட்டுப் போட்டிக்குச் சுவரில் எழுதுவது, திருவிழா வரவு செலவைப் பலகையில் எழுதுவது எல்லாம் அவன்தான். மேலே படிக்கவைக்க வழியில்லை. அந்த வருடம் மழையும் இல்லை. ஊரில் பலர் போனது மாதிரி அவனும் சாத்தூர்ப் பக்கம் ஒரு பட்டாசு ஆலைக்குப் போனான். இருபத்திரண்டு வயதில், ஒரு மே மாதம், அவன் இருந்த அறை வெடித்தது. ஐந்து பேரில் மூன்று பேர் அங்கேயே போய்விட்டார்கள். பார்க்க வந்தவர்கள் எல்லாரும், “உசுரு பொழச்சதே பெருசு” என்றார்கள். ஏழு வருடமாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

வலது கையில் சுண்டுவிரல், மோதிர விரல், நடுவிரல் மூன்றும் உள்ளங்கையோடு சுருண்டு ஒட்டிவிட்டன. மூன்று முறை ஆபரேஷன் செய்து பிரித்தார்கள். பிரிந்தாலும் நிமிரவில்லை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மரக்குச்சி போல நீட்டி நின்றன. இடது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பாதியோடு போயின. சட்டைப் பட்டன் நான்தான் போட்டுவிடுவேன். அடுத்த தெருவில் வாழ்க்கைப்பட்டிருந்ததால் காலையில் மில் பஸ்ஸுக்குப் போகும்போது வீட்டுக்கு வந்து போட்டுவிட்டுப் போவேன். பிறகு அவன் பட்டன் வைத்த சட்டையே போடுவதில்லை. பனியன் துணிச் சட்டைக்கு மாறிவிட்டான்.

டவுனில் கை, காலுக்குப் பயிற்சி கொடுக்கும் இடத்துக்கு வாரம் இரண்டு நாள் போவான். அங்கே ரோஷினி என்று ஒரு பெண். பாத்திரக் கடைக்காரர் வீட்டுப் பெண். படித்துவிட்டுக் கடையில் உட்காராமல் இந்த வேலைக்கு வந்தவள். அவள்தான் தன் அண்ணன் பிள்ளைகள் விளையாடி முடித்த கட்டைகளை ஒரு வாளி நிறையக் கொண்டுவந்து தந்தாள்.

“அண்ணா, இத மாட்டிக் கழட்டுங்க. ஒரு நாளைக்கு இருபது தடவ.”

“சின்னப் புள்ளைக வெளையாடுறத என்கிட்டக் கொடுக்கீகளே?”

“ஒங்க வெரலும் இப்பச் சின்னப் புள்ளதானண்ணா. நடக்கப் பழகுது. கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போங்க.”

இருபது தடவை என்று சொன்னதை அவன் இருநூறு தடவை செய்தான். இரண்டு மாதம் கழித்து ஒருநாள் நான் போனபோது மஞ்சளும் பச்சையுமாக ஏதோ ஒன்று டிவி மேல் நின்றது. கிட்டே போய்ப் பார்த்தேன். பருத்திப் பூ. அன்றைக்குக் காலையில் விரிந்த பூவின் வெளிர் மஞ்சள். ஒரு இதழ் கொஞ்சம் உள்ளே மடங்கியிருந்தது, காற்றில் மடங்குமே, அந்த மாதிரி.

“காட்டுல பருத்தி எடுத்து இடுப்பொடிஞ்சது பத்தாதா? வீட்டுக்குள்ளயும் வெதச்சுட்டான் ஒன் தம்பி” என்றாள் அம்மா. “இதுல பஞ்சு வெடிச்சா ஒன் மில்லுக்கே கொண்டு போ.”

அம்மா சொன்னதைக் கேட்டுத்தான் பஞ்சு வெடித்த காயையும் அவன் செய்தான் என்று நினைக்கிறேன். கடைசியில் ஒரு ஜாடி முழுக்க ஆனது. மஞ்சள் பூ நான்கு, விரிந்த மறுநாள் நிறம் மாறிய ரோஸ் பூ மூன்று, வெடித்த காய் இரண்டு. பூக்களுக்கு இருநூற்று எண்பத்தேழு, காய்களுக்கு ஐம்பத்திரண்டு, ஜாடிக்கு நூற்றிருபது. ஆக நானூற்று ஐம்பத்தொன்பது கட்டைகள். செய்து முடிக்க நாலு மாதமும் ஆறு நாளும் ஆயிற்று. பார்க்க வந்தவர்களை அம்மா காப்பி கொடுக்காமல் அனுப்பியதில்லை. அவன் பக்கத்தில் நின்று, எது முதல் நாள் பூ, எது மறுநாள் பூ என்று சொல்லுவான். ஏழு வருடத்தில் அவன் கையை விட்டுவிட்டு வேறொன்றை ஊர் பார்த்தது அப்போதுதான்.

அவன் எப்படிச் செய்தான் என்பதை நான் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். பெரிய கட்டை என்றால் இடது கட்டைவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவே இடுக்கி, வலது கை முட்டியால் அழுத்துவான். சின்னக் கட்டை விரலில் நிற்காது. அதை முன்பல்லில் கவ்விக்கொண்டு, பூவை முகத்துக்கு நேரே தூக்கி, தலையால் அழுத்துவான். கோணலாக மாட்டினால் கடித்து இழுத்துக் கழற்றுவான். யாராவது வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டால் உடனே கட்டையைத் துப்பிவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். என்னைப் பார்த்துத் துப்பியதில்லை.

போன வருடம் விலக்கில் பஞ்சாயத்துச் சார்பில் வரிசையாக மூன்று கடைகள் கட்டினார்கள். அதில் ஒன்று மாற்றுத்திறனாளிக்கு என்று அறிவிப்பு ஒட்டியிருந்தது. மாரிச்செல்வம் அன்றைக்கே நடந்து போய் அந்தக் கடையை அடியால் அளந்துவிட்டு வந்தான். எட்டுக்குப் பத்து.

“ஜெராக்ஸ் மெஷின எடப் பக்கம் போட்டுட்டா ஆளு நிக்க எடம் கெடைக்கும்க்கா. மூணு ஊருக்கு இங்க ஜெராக்ஸ் கெடையாது. ஒரு பட்டன அமுக்கத்தான வேணும், அதுக்கு இந்த வெரலு போதும். முன்னால பலகையில பூ ஜாடிய வச்சிருவேன். பஸ்ஸுக்கு நிக்கிறவுகளுக்குத் தெரியிற மாதிரி.”

இவ்வளவு நீளமாக அவன் பேசி வெகுகாலம் ஆகியிருந்தது.

கடை கிடைக்க அடையாள அட்டை வேண்டும். அட்டை கிடைக்க, மருத்துவ முகாமில் டாக்டர் பார்த்து, ஊனம் நாற்பது சதவீதமாவது இருக்கிறது என்று எழுத வேண்டும். அதுவரை அவன் அட்டை வாங்கவில்லை. முதலில் ஆபரேஷன் முடியட்டும் என்றார்கள், பிறகு கொரோனா வந்தது, அதற்குப் பிறகு அவனே வேண்டாம் என்றுவிட்டான். “அந்த அட்டையக் கழுத்துல கட்டித் தொங்கவிடவா?” என்று கேட்டவன், கடைக்காக முதல்முறையாகச் சரி என்றான்.

மனு எழுதிக் கொடுத்தது முனீஸ்வரன். என் வீட்டுக்காரருக்குச் சித்தப்பா மகன். ஊரில் யாருக்கு என்ன மனு என்றாலும் அவர்தான். எழுதி முடித்துவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டார்.

“மதினி, முகாமுக்குப் போறப்ப அவன் சவரம் பண்ண வேணாம். பழைய சட்டையப் போட்டு விடுங்க. பேனாவக் குடுத்தாகன்னா கீழ போடணும். பட்டனப் போடச் சொன்னாகன்னா முழிக்கணும். அழுதாலும் தப்பில்ல.”

“எம் தம்பி என்ன பிச்சக்காரனா?”

“பிச்சக்காரனுக்குச் சோறாச்சும் கெடைக்கும் மதினி. வெறப்பா நிக்கிறவனுக்கு ஒண்ணும் கெடைக்காது. நான் எத்தன மனு எழுதியிருக்கேன்!”

“போங்க கொழுந்தனாரே. பொய்யாவா கேக்குறோம்? வெந்து போன கைய எந்த டாக்டரும் பாத்தாத் தெரிஞ்சுக்கிருவாரு.”

அத்தோடு விட்டிருக்கலாம். எங்கள் பக்கம் ஒரு அதிகாரியைப் பார்க்க வெறுங்கையோடு போக மாட்டார்கள். ஒரு எலுமிச்சம்பழமாவது கொண்டுபோய்க் கொடுப்பார்கள். அம்மா எலுமிச்சம்பழம் வாங்கி வைத்திருந்தாள். நான்தான், “பழம் எதுக்கு, பூ ஜாடியக் கொண்டு போறேன்” என்றேன். முனீஸ்வரன் சொன்னது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. என் தம்பியைப் பார்த்து யாரும் பாவம் என்று சொல்லக் கூடாது, இப்பேர்ப்பட்டவனுக்கு இப்படி ஆகிவிட்டதே என்று சொல்ல வேண்டும். அதுதான் என் நினைப்பு.

முகாமுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் அவனும் நரிக்குடிப் பக்கம் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தார்கள். நான் ஜாடியைத் துடைக்க எடுத்தேன். வெளிச்சத்தில் திருப்பியதும் பல் தடம் தெரிந்தது. மஞ்சள் இதழ்களின் ஓரத்தில், காம்பின் மூட்டுகளில், சின்னச் சின்னக் குழிகள். சில இடங்களில் பிளாஸ்டிக் வெளுத்துப் பிசிறாகியிருந்தது. எலி கடித்தது போல இருந்தது. டாக்டர் கையில் இதையா கொடுப்பது?

டவுனுக்குப் பஸ் ஏறி, பொம்மைக் கடையில் அதே நிறங்களில் புதுக் கட்டை வாங்கி வந்தேன். பதினொரு மணிக்கு உட்கார்ந்தேன். ஒவ்வொரு பூவாகக் கழற்றி, எந்தக் கட்டை எங்கே என்று ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு, பல் பட்ட கட்டையைத் தனியே எடுத்து, புதுக் கட்டையை அந்த இடத்தில் வைத்து, பழையபடியே மாட்டினேன். மடங்கின இதழ் மடங்கினபடியே. எடுத்தவை அறுபத்து மூன்று. நாலரை மணிக்கு முடிந்துவிட்டது. பத்து விரல் இருந்தால் அவ்வளவுதான் வேலை.

எடுத்த கட்டைகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு என் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டேன்.

மறுநாள் அவன் ஜாடியைப் பார்த்து நின்றான். “என்னக்கா, பளபளன்னு இருக்கு?”

“சோப்புத் தண்ணில கழுவுனேன்.”

“நம்ம செஞ்சதுதானான்னு சந்தேகமா இருக்கு” என்று சிரித்தான். எனக்கு அந்தச் சிரிப்புப் போதுமாக இருந்தது.

முகாம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. தேய்த்த வெள்ளைச் சட்டையை அவனுக்குப் போட்டு, கழுத்துப் பட்டனைத் தவிர மற்றதை நானே போட்டுவிட்டிருந்தேன். சுற்றிலும் தவழ்ந்து வந்தவர்கள், தூக்கி வரப்பட்டவர்கள். நடுவில் நாங்கள் பூ ஜாடியோடு நின்றோம். மேசைக்குப் போனதும் டாக்டர் முதலில் ஜாடியைத்தான் பார்த்தார்.

“என்னம்மா இது?”

“பருத்திப் பூ சார். தம்பி செஞ்சது.”

“இவரா? இந்தக் கையாலயா?”

“ஆமா சார்.”

“கூட யாரும் ஒதவி பண்ணலையா?”

மாரிச்செல்வம் வாயைத் திறக்கும் முன் நான் சொன்னேன். “ஒரு கட்டையக்கூட நான் தொடல சார். சாமி சத்தியமா.”

டாக்டர் ஒரு பூவைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துத் திருப்பினார். “ஒரு கீறல்கூட இல்லாம எவ்வளவு நேர்த்தியாப் பண்ணியிருக்கார்!” பக்கத்து மேசை டாக்டரையும் கூப்பிட்டுக் காட்டினார். அவர் கெட்ட மனிதர் இல்லை. உண்மையாகவே சந்தோஷப்பட்டார். வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். யாரோ கை தட்டினார்கள். என் தம்பியின் முகம் எப்படி இருந்தது தெரியுமா? பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் வந்த அன்று அப்படி இருந்தது.

அதன் பிறகுதான் பரிசோதனை. கோணம் அளக்கிற தகட்டை வைத்து ஒவ்வொரு விரலாக அளந்தார். நாணயத்தை எடுக்கச் சொன்னார். மேசை விளிம்புவரை நகர்த்தி எடுத்துவிட்டான். பேனாவைப் பிடிக்கச் சொன்னார், பிடித்தான். கழுத்துப் பட்டனைப் போடச் சொன்னார். ஏழு வருடமாகப் போடாத பட்டன். அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க, உதட்டைக் கடித்துக்கொண்டு, நெற்றி வியர்க்க, போட்டே விட்டான்.

“வெரி குட்” என்றார் டாக்டர்.

ஜாடியைக் கண்காட்சிக்கு வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். “அதுக்கென்ன சார்” என்றேன். இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தேன்.

மூன்று வாரத்தில் தபால் வந்தது. முப்பத்து மூன்று சதவீதம்.

முனீஸ்வரன் காகிதத்தை இரண்டு முறை படித்தார். “ஏழு கொறையுது மதினி. ஜாடியில எத்தன பூவு? ஏழுதான? ஒரு பூவுக்கு ஒண்ணாப் பிடிச்சிட்டாக.”

அம்மா என்னைப் பார்க்கவில்லை. முற்றத்தில் காய்ந்துகொண்டிருந்த எலுமிச்சம்பழத்தைக் காலால் ஓரம் தள்ளினாள். ஊறுகாய்க்கும் ஆகாமல் சுருங்கிப் போயிருந்தது.

மேல்முறையீடு செய்யலாம் என்றார் முனீஸ்வரன். செய்தோம். இந்த முறை உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தேன். பல்லால் மாட்டியவன் என்று தெரிந்தால் எழுதியதை மாற்றுவார்கள். சாட்சி என் வீட்டில் டப்பாவில் இருக்கிறது. மாரிச்செல்வத்திடம் முன்கூட்டியே சொல்லவில்லை. சொன்னால் வர மாட்டான் என்று பயம். முகாமில் அவனைக் கேட்காமல் வாயைத் திறந்தேன். இந்த முறையும் அப்படியே.

பெரிய ஊரில் இருந்த அந்த அலுவலகத்தின் வாசல் கூடத்திலேயே கண்ணாடிப் பெட்டிக்குள் ஜாடி இருந்தது. அடியில் நீலத் துணி விரித்து, மேலே ஒரு விளக்கும் போட்டிருந்தார்கள். ‘மாற்றுத்திறனாளி ஒருவரின் கைவண்ணம்’ என்று அட்டையில் எழுதியிருந்தது. பேர் இல்லை. மாரிச்செல்வம் அதன் முன்னால் நின்றான்.

“நடுவுல வச்சிருக்காக பாத்தியாக்கா” என்றான். போகிறவர்கள் யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்தான். ஒரு அம்மாள் நின்று பார்த்ததும், “அந்த ரோஸு இருக்குல்ல, அது மறுநா பூவும்மா” என்று எடுத்துச் சொன்னான்.

உள்ளே மூன்று டாக்டர்கள். நடுவில் இருந்த வயதான பெண் டாக்டர், “முன்னாடி பாத்ததுக்கும் இப்பவுக்கும் என்னம்மா வித்தியாசம்?” என்று கேட்டார்.

நான் டப்பாவைத் திறந்து மேசையில் கொட்டினேன். அறுபத்து மூன்று கட்டைகள். மஞ்சளும் ரோஸும் பச்சையும். எல்லாவற்றிலும் பல்.

“இதெல்லாம் அந்தப் பூவுல இருந்த கட்டைக மேடம். இவனுக்கு வெரலு நிக்காது. பல்லுல கவ்வித்தான் மாட்டுவான். பாக்க அசிங்கமா இருக்குன்னு நாந்தான் எடுத்துட்டுப் புதுசு மாத்துனேன். அன்னைக்குப் பொய் சொல்லிட்டேன்.”

மாரிச்செல்வம் என் பக்கம் திரும்பினான்.

“எப்ப?”

“காதுகுத்துக்குப் போனீகள்ல...”

அவன் மேசையில் கிடந்த கட்டைகளைப் பார்த்தான். கதவு திறந்திருந்தது, அங்கிருந்து கண்ணாடிப் பெட்டியின் ஒரு மூலை தெரிந்தது. அதையும் பார்த்தான்.

“தம்பி, அக்கா சொல்றது நெஜமா?” என்றார் பெண் டாக்டர். குரலில் கடுமை இல்லை. “பல்லாலதான் மாட்டுவீங்கன்னா வெக்கப்படாம மாட்டிக் காட்டுங்க. நாங்க பாத்து எழுதிக்கிறோம்.”

அவன் இரண்டு கட்டைகளை எடுத்தான். சின்னக் கட்டைகள், இதழ் நுனியில் வருபவை. ஒன்றை மேசையில் வைத்தான். இன்னொன்றை வலது கையின் நீட்டி நிற்கும் இரண்டு விரல்களுக்கு நடுவே இடுக்கினான். விழுந்தது. எடுத்தான். விழுந்தது. குனிந்து வாயால் எடுத்துவிடுவான் என்று நான் காத்திருந்தேன். விலக்குக் கடையில் பலகைக்குப் பின்னால் அவன் நிற்பது என் கண்முன் வந்தது. குனியடா தம்பி, ஒரு தடவை குனி என்று மனதுக்குள் கெஞ்சினேன். அவன் குனியவில்லை. வாயை இறுக மூடியிருந்தான். சுவரில் கடிகாரம் இருந்தது. நாலு நிமிடம் ஆயிற்று. ஒட்டுப் போட்ட தோல் மடிப்பில் பிளந்து ரத்தம் கசிந்தது. டக்கென்று சத்தம் கேட்டது.

மாட்டிய கட்டையை மேசை நடுவே தள்ளினான்.

“அக்காவுக்கு எம்மேல பாசம் அதிகம் மேடம். அதான் எதையாச்சும் சொல்லுது. இந்தக் கட்டைகளக் கடிச்சது எதுவோ எனக்குத் தெரியாது. நான் கையாலதான் செய்வேன். வெளிய இருக்கதும் இந்தக் கை செஞ்சதுதான்.”

“யோசிச்சுச் சொல்லுங்க தம்பி.”

“யோசிச்சுட்டேன் மேடம்.”

பெண் டாக்டர் பஞ்சு எடுத்துக் கொடுத்தார். பிறகு மூவரும் பேசிக்கொண்டார்கள். முப்பத்தாறு என்று எழுதினார்கள். ரத்தத்துக்கு மூன்று.

திரும்பி வரும்போது கூடத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. உள்ளே தகுதி இல்லை என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். வெளியே அட்டையில் மாற்றுத்திறனாளி என்றுதான் இருந்தது. இந்த முறை அவன் பெட்டி முன்னால் நிற்கவில்லை.

பஸ்ஸில் அவன் ஜன்னலோரம் உட்கார்ந்தான். பாளையம்பட்டியில் கூட்டம் இறங்கியதும் மெதுவாகக் கேட்டான்.

“எந்தெந்தக் கட்டக்கா?”

“எது?”

“நீ மாத்துனது. எந்தப் பூவுல, எந்த எடம்?”

எனக்கு எல்லாம் நினைவிருந்தது. நோட்டில் குறித்தவள் ஆயிற்றே. முதல் மஞ்சள் பூ: இரண்டாம் இதழில் நுனிக் கட்டை, மூன்றாம் இதழில் இரண்டு, காம்பில் நான்கு. இரண்டாம் பூ: நடுவில் இருந்த மூன்றும், இதழில் ஆறு. மூன்றாம் பூ என்று ஆரம்பித்தபோது அவன் சுருண்ட கையைத் தூக்கினான்.

“போதும்.”

கடை பொதுவில் ஏலம் போயிற்று. எடுத்தவர் சங்கரபாண்டியன் என்று டவுனில் ஏற்கெனவே இரண்டு கடை வைத்திருப்பவர். ஜெராக்ஸ் மெஷினை வலப் பக்கம் போட்டிருக்கிறார். அதனால் ஆட்கள் ரோட்டில் நிற்கிறார்கள். போன மாதம் அம்மாவின் ஆதார் அட்டைக்கு நகல் எடுக்க நான்தான் போனேன். மாரிச்செல்வம் விலக்குப் பக்கம் போவதில்லை. டவுனுக்குப் போக வேண்டுமென்றால் அடுத்த நிறுத்தம்வரை நடந்து போய்ப் பஸ் ஏறுகிறான்.

பூ செய்வதை நிறுத்திவிடுவான் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை. இப்போது எருக்கம்பூ செய்கிறான். ஆனால் எழுந்து வெளியே போகும் முன் செய்த வரைக்கும் கட்டைகளை எண்ணிச் சுவரில் கரியால் எழுதிவிட்டுப் போகிறான். திரும்பி வந்ததும் எண்ணிப் பார்க்கிறான். எனக்குத் தெரிந்து அவன் எதையும் எண்ணி வைத்தவன் இல்லை. எண்ணுவது என் பழக்கம். சுவரில் எழுதும் எண்கள் கோணலாக இருக்கின்றன. திருவிழாப் பலகையில் எழுதிய கை அது.

டப்பா இன்னும் என் வீட்டில்தான் இருக்கிறது. இரண்டு முறை கொண்டுபோய்க் கொடுத்தேன். “என்னது இல்ல” என்று திருப்பிவிட்டான்.

நேற்றுச் சாயங்காலம் மில்லிலிருந்து நேரே அங்கே போனேன். நிலைப்படியில் செருப்பைக் கழற்றிய சத்தம் கேட்டதும் உள்ளே தூவென்று துப்பும் சத்தம் கேட்டது. நான் போனபோது வாயைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் துப்பிய கட்டை, ஊதா நிறம், தரையில் உருண்டு வந்து என் கால் விரலில் முட்டி நின்றது. ஈரமாக இருந்தது.

குனியப் போனேன்.

“தொடாத” என்றான்.

நான் சுவரோரம் ஒதுங்கி நின்றேன். அவன் எழுந்து வந்து, முழங்காலிட்டு, இரண்டு கையாலும் அதைத் தரையோடு தள்ளிக்கொண்டே போனான்.